பிணவறைக்கு முதலில் வந்த புதிய பதிப்பு

குரூப் அண்ணனின் மூக்கை உடைத்தவர் ஒரு கசாப்புக் கடைக்காரர். எந்த இடத்தில் தட்டினால் எலும்பு மறுபேச்சு பேசாமல் விட்டுக்கொடுக்கும் என்பது தொழில்முறையில் அவருக்குத் தெரியும். ஒரே குத்து. அண்ணன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, 'ரத்தம் கொடுங்கள், உயிர் காப்பாற்றுங்கள்' என்ற சுவரொட்டிக்குக் கீழே விழுந்து, சட்டையெல்லாம் நனைய ரத்தம் கொடுக்க ஆரம்பித்தார்.

அண்ணன் அந்த ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியைப் பார்த்துக்கொள்பவர். எதிரே யார் வந்தாலும் முதலில் "என்ன குரூப்?" என்று கேட்டுக் கேட்டு அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. முதன்முதலில் பார்த்த அன்று தன்னிடமும் அதைத்தான் கேட்டார் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். யாரிடமும் குரலை உயர்த்தாதவர். கொசுவை அடிக்கக் கை ஓங்கினால்கூட, உள்ளே இருப்பது யாருடைய ரத்தமோ என்று யோசித்துக் கையை இறக்கிவிடுவார். அதற்குள் கொசு கடித்துவிட்டுப் போயிருக்கும்.

கசாப்புக் கடைக்காரர் மேலும் தப்பில்லை. அவர் மனைவிக்கு அன்று காலையில்தான் பிரசவம் ஆகியிருந்தது. குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு வேண்டிய குரூப் ரத்தம் எஃகுக் குளிர்பெட்டிக்குள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்த்தால் தெரியும். பார்க்கத்தான் முடிந்தது.

ஏனென்றால் அந்தப் பெட்டியைத் திறப்பது அண்ணன் கையில் இல்லை. நோயாளியின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் போட வேண்டும். அது சரியென்று சொன்னால் பூட்டு க்ளிக் என்று விடும். அன்று காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் ஒரு வாசகம் வந்து உட்கார்ந்துகொண்டது. 'புதிய பதிப்பு இறங்குகிறது. பொறுமை காத்ததற்கு நன்றி.' யாரும் இன்னும் காக்க ஆரம்பிக்காத பொறுமைக்கு அது முன்கூட்டியே நன்றி சொல்லிவிட்டது.

"கொஞ்சம் பொறுங்க, இறங்கிட்டிருக்கு" என்று அண்ணன் சொன்னார். அதற்குத்தான் அந்தக் குத்து.

குத்திவிட்டுக் கசாப்புக்காரர் வெளியே ஓடினார். பைக்கின் பெட்டியிலிருந்து வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். குளிர்பெட்டியின் கீலைப் பார்த்துக் கையை ஓங்கினார். அண்ணன் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவர் காலைப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டாதீங்க! பலவந்தமாத் திறந்தா பெட்டி தன்னைத்தானே சூடாக்கிக்கும். உள்ள இருக்கிற ரத்தம் எல்லாம் கெட்டுப்போயிடும்."

"எதுக்குய்யா அப்படி?"

"பாதுகாப்புக்கு."

கசாப்புக்காரர் கத்தியை இறக்கினார். அவர் முகத்தில் முதன்முதலாக பயம் தெரிந்தது. "வேற ஆஸ்பத்திரி?"

"எல்லா ஆஸ்பத்திரியிலயும் இதே பெட்டிதான். இதே பதிப்புதான்."

"இந்தக் கண்றாவிய அனுப்புறது யாரு?"

அண்ணன் சொன்னார். ஊரில் உள்ள அரசு அலுவலகங்கள் அத்தனைக்கும் மென்பொருளை அனுப்புவது மென்பொருள் பகிர்வு இயக்ககம். இரண்டு தெரு தள்ளி, கண்ணாடி பதித்த கட்டடம். புதிய பதிப்பு வெளியாகும் நாளில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அங்கே இருக்கிற ஒரே சர்வரிடம்தான் கேட்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். எல்லாம் முழுசாகக் கேட்க வேண்டும். ஊரே ஒரு குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்பதுபோல. பக்கத்து மேஜைக்கு ஏற்கெனவே வந்திருந்தாலும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. இயக்ககத்தின் சட்டத்தில் அதற்குப் பெயர் திருட்டு.

"எழுந்திரு" என்றார் கசாப்புக்காரர்.

தலைமை நர்ஸ் பிரசவ வார்டின் வாசலில் நின்று கத்தினாள். அவள் கைகள் முழங்கை வரை சிவப்பாக இருந்தன. "அழுத்திப் பிடிச்சுக்கிட்டிருக்கோம். எங்க வேணாப் போங்க, வெறுங்கையோட மட்டும் வராதீங்க!"

குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகிறாரா என்று யாரோ கேட்டார்கள். கசாப்புக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து பைக்கின் பின்னால் உட்கார வைத்தார்.

இயக்ககத்தின் வாசலில் நீலச் சீருடையில் தடியோடு ஆட்கள் நின்றார்கள். வலை ஒழுங்குப் படை. வரிசையை மீறி மென்பொருள் எடுப்பவர்களைத் திருத்துவது அவர்கள் வேலை. அண்ணன் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்ததும் ஒருவன் மரியாதையாகக் கேட்டான்.

"ஏற்கெனவே எங்க ஆளுங்க யாராவது கவனிச்சிட்டாங்களா?"

"இல்லீங்க, இது இவரு..."

"அப்போ நாங்க இன்னும் கவனிக்கல" என்று சொல்லி அவன் அண்ணனின் முழங்காலுக்குப் பின்னால் ஒரு தட்டு தட்டினான். அண்ணன் மண்டியிட்டார். கசாப்புக்காரர் அவன் கையிலிருந்து தடியைப் பிடுங்கி, தொடையில் வைத்து இரண்டாக முறித்து, இரண்டு துண்டையும் அவனிடமே கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான். தடி முறிந்தால் என்ன செய்ய வேண்டுமென்று அவனுக்குப் பயிற்சியில் சொல்லித்தரவில்லை.

காத்திருப்புக் கூடத்தில் ஊரே கட்டுப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தலையில் கட்டோடு ஒரு பள்ளித் தலைமையாசிரியை. மதிப்பெண் பட்டியல் திறக்கவில்லை என்று பெற்றோர்கள் கரும்பலகையைக் கழற்றி அவர் மேல் போட்டிருந்தார்கள். புருவம் பொசுங்கிய ஒரு தீயணைப்புக்காரர். அவர் வண்டியும் புதிய பதிப்புக்காகக் காத்திருக்கிறது.

"வண்டி கிளம்பலேன்னா நெருப்பை எப்படி அணைச்சீங்க?" என்று அண்ணன் கேட்டார்.

"அணைக்கல. அதுவா அணைஞ்சிடுச்சு. எரியறதுக்கு மிச்சம் இல்ல."

இயக்குநர் எங்கே என்று கேட்டதற்கு, அவர் கருத்தரங்கில் இருக்கிறார், இப்போது பார்க்க முடியாது என்றாள் வரவேற்பில் இருந்த பெண். கசாப்புக்காரர் கருத்தரங்கு அறைக் கதவைத் தள்ளவில்லை. கதவோடு உள்ளே போனார்.

மேடையில் 'திறமையான பகிர்வு: நேற்று, இன்று, நாளை' என்று பெரிய துணி கட்டியிருந்தது. இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். மிருதுவான மனிதர். மீசையை அளந்து வெட்டியிருந்தார். அவருக்கு இருபுறமும் இரண்டு துணை இயக்குநர்கள். ஒருவர், எல்லாமே ஒரே சர்வரிலிருந்துதான் போக வேண்டும் என்று கட்டுரை எழுதுகிறவர். இயக்ககத்தில் அவரை மையத்தார் என்பார்கள். மற்றவர் ஓர் அம்மாள். ஒரு கம்ப்யூட்டர் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, அது அதற்குப் பக்கத்துக்குக் கொடுத்தால் சீக்கிரம் போய்ச்சேரும் என்று வருஷக்கணக்காக எழுதி வருகிறவர். அவரை அண்டையம்மா என்பார்கள். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது கருத்தரங்குகளில் மட்டும்தான். அதனால் கருத்தரங்குகளில் முதலுதவிப் பெட்டி தயாராக வைத்திருப்பார்கள்.

"அன்பர்களே, இன்று சரித்திர நாள்" என்று இயக்குநர் சொல்லிக்கொண்டிருந்தார். "காலை முதல் எந்த ஓர் அலுவலகத்துக்கும் புதிய பதிப்பு முழுமையாகப் போய்ச் சேரவில்லை என்ற செய்தி சற்றுமுன் கிடைத்தது. இதன் பொருள் என்ன? ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகும் அநியாயத்தை நாம் வேரோடு பிடுங்கிவிட்டோம்."

கைதட்டினார்கள்.

"எதற்கு இவ்வளவு கடுமை என்று சிலர் கேட்கிறார்கள். கடுமையா? வரிசையை மீறுபவர்களின் விரல்களை உடைக்கத்தான் உத்தரவிட்டிருக்கிறோம். கைகளை அல்ல. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, சாப்பிட வேண்டும். இந்த வேறுபாட்டை நம் படையினர் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்து வருகிறார்கள். போன மாதம் தவறுதலாக ஒரு மணிக்கட்டு உடைந்தபோது நான் அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் கசாப்புக்காரர் மேடைக்கு வந்துவிட்டார். இடுப்பில் கத்தி, பிடியில் அண்ணன்.

"என் பொண்டாட்டி சாகக் கெடக்கிறா. ரத்தப் பொட்டி தொறக்கல. உங்க சாமான இப்பவே குடுங்க."

இயக்குநர் கத்தியைப் பார்த்தார். பிறகு அண்ணனின் மூக்கைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அடடா, பயனாளியே நேரில் வந்துவிட்டார்! நாற்காலி போடுங்கள். பயனாளி இல்லாமல் கருத்தரங்கு நடக்கிறது என்று பத்திரிகைகள் எழுதுகிறார்களே, இப்போது எழுதட்டும்."

அண்ணனை மேடையில் உட்கார வைத்தார்கள். யாரோ அவர் சட்டையில் 'பயனாளி' என்ற அட்டையைக் குத்தினார்கள். ஊசி நெஞ்சில் ஏறியது. அண்ணன் "ஸ்" என்றார். குறிப்பெடுப்பவர் அதையும் எழுதிக்கொண்டார்.

மையத்தார் கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் எதையோ தட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது. "ஐயா, ஒரு சின்னப் பிசகு. இவங்க ஆஸ்பத்திரிக்குப் புதிய பதிப்பு முழுசா போயிருக்கு. ஒரே ஒரு மிஷினுக்கு."

"எங்கே?"

"பிணவறைக்கு. அங்க கம்ப்யூட்டரை யாரும் தொடறதில்ல. ராத்திரியே போட்டு வெச்சிருந்தாங்க போல. லைன் காலியா இருந்த நேரத்துல இறங்கிடுச்சு."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "பிணங்களுக்குச் சலுகை காட்டிவிட்டோமே! உயிரோடு இருப்பவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?"

அண்டையம்மா துள்ளி எழுந்தார். "அப்படின்னா பிரச்சினையே இல்லை. ஒரே கட்டடம். பிணவறையிலேர்ந்து ரத்த வங்கிக்கு ஒரு கேபிளை இழுத்தா அங்கேர்ந்து இங்க எடுத்துக்கலாம். அதுவும் முழுசா வேண்டாம். பழைய பதிப்பு ஏற்கெனவே இருக்கு. புதுசுல எது மாறியிருக்கோ அது மட்டும் போனா போதும்."

"அப்படி என்ன மாறியிருக்கு?" என்று கேட்டார் அண்ணன். அந்த மேடையில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

மையத்தார் தன் பலகையைக் கவிழ்த்து வைத்தார். அண்டையம்மாதான் கடைசியில் சொன்னார்.

"முகப்புல இயக்குநர் ஐயாவோட படம். பழைய படத்துல கண்ணாடி போட்டிருப்பாங்க. புதுசுல போடல."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. ஆனா படம் ரொம்பத் துல்லியம். மீசையில ஒவ்வொரு முடியும் தெரியும். அதான் இவ்வளவு கனம்."

கசாப்புக்காரர் இயக்குநரின் முகத்தை நெருங்கிப் பார்த்தார். கறி எடை போடுவதற்குமுன் பார்ப்பதுபோல. "கால் கிலோ கறி கேட்டு வர்றவன் வீட்டுக்கு நான் ஆட்டு மந்தையையே ஓட்டிவிட்டா, ஊர்ல என்னை என்ன பண்ணுவாங்க? நானும் காலையிலேர்ந்து வெட்டுறவன்தான். ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி ஆட்டுக்கிட்ட இவ்ளோ நேரம் பேச மாட்டேன்."

"பாமரன் சொன்னாலும் அதுதான் என் கட்டுரையின் சாரம்!" என்று அண்டையம்மா கூவினார்.

மையத்தாருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மேஜையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து வீசினார். அது அண்டையம்மாவின் காதோரமாகப் போய், பயனாளியின் நெற்றியில் பட்டது. அண்டையம்மா நினைவுப் பரிசாக வைத்திருந்த பித்தளைக் கேடயத்தை எடுத்து மையத்தாரின் தலையில் இறக்கினார். கேடயம் நெளிந்தது. மையத்தாரின் ஆட்கள் மேடையில் ஏறினார்கள். அண்டையம்மாவின் ஆட்கள் மேடையைக் கவிழ்த்தார்கள். மைக் கம்பி ஒருவர் விலாவில் பாய்ந்தது. முதல் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பேராசிரியர் எழுந்து, தன் முறை வந்துவிட்டதென்று நினைத்து, பக்கத்திலிருந்தவரை அறைந்தார். வலை ஒழுங்குப் படை உள்ளே வந்து எந்தக் கட்சி என்று பார்க்காமல் எல்லோருடைய விரல்களையும் சமமாக அடித்தது. "மணிக்கட்டு வேண்டாம், மணிக்கட்டு வேண்டாம்" என்று இயக்குநர் மேஜைக்கு அடியிலிருந்து ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்.

அந்தக் களேபரத்தில் கசாப்புக்காரர் அண்டையம்மாவை அப்படியே தூக்கித் தோளில் போட்டார்.

"எங்கே? என்னை எங்கே கொண்டுபோறீங்க?"

"கேபிள் போடத்தான்மா. சொன்னீங்கல்ல?"

அண்டையம்மா திடுக்கிட்டார். "நிஜமாவா? நான் இதுவரைக்கும் போட்டதில்லையே!" பிறகு தலைகீழாகத் தொங்கியபடியே கைநீட்டி, வாசலில் காட்சிக்கு வைத்திருந்த கேபிள் சுருளை எடுத்துக்கொண்டார்.

ஒரு பைக்கில் மூன்று பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். தலைமை நர்ஸ் வாசலிலேயே நின்றிருந்தாள். அவர்கள் கைகளைத்தான் பார்த்தாள். கேபிளைப் பார்த்ததும், "இதை வெச்சு என்ன, கழுத்தை இறுக்கிக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

பிணவறைக்காரர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கிட்டேர்ந்து யாரும் இதுவரைக்கும் எதையும் கேட்டு வந்ததில்லப்பா. எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க." அவரே கேபிளின் ஒரு முனையைச் செருகினார்.

பிணவறையிலிருந்து ரத்த வங்கிக்கு நீளமான நடைகூடம். வழியில் ஸ்ட்ரெச்சர்கள், தள்ளுவண்டிகள், சுருண்டு படுத்திருக்கும் சொந்தக்காரர்கள். அவர்கள் கால்களுக்கு இடையில் கேபிளை இழுத்துக்கொண்டு அண்ணன் ஓடினார். அண்டையம்மா இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவே மாறி மாறி ஓடி எதையெதையோ தட்டினார். இரண்டு தடவை தப்பாக வந்தது. மூன்றாம் தடவை ரத்த வங்கியின் திரையில் 'பொறுமை காத்ததற்கு நன்றி' மறைந்து, மேல் ஓரத்தில் ஒரு கோடு தெரிந்தது. கறுப்புக் கோடு.

"இது என்னம்மா?" என்றார் அண்ணன்.

"ஐயாவோட தலைமுடி" என்றார் அண்டையம்மா. அவருக்கு மூச்சு வாங்கியது. "வருது! எனக்கே நம்ப முடியல, நிஜமாவே வருது!"

படம் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கியது. வாரிய தலை. பிறகு நெற்றி. அகலமான நெற்றி, அது முடிவதற்குள் அண்ணனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு புருவம்.

புருவம் வந்த நேரத்தில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. இயக்குநர் படையோடு வந்துவிட்டார். கருத்தரங்கில் அவர் கால்சட்டை முழங்காலில் கிழிந்திருந்தது, கம்பீரம் கிழியவில்லை.

"அங்கீகாரமற்ற அண்டைப் பகிர்வு!" என்று நடைகூடத்தின் தொடக்கத்தில் நின்று முழங்கினார். "கேபிளை வெட்டுங்கள்!"

முன்னால் வந்தவனிடம் கோடரி இருந்தது. கசாப்புக்காரர் கேபிளுக்குக் குறுக்கே நின்றார். கத்தியை மொட்டைப் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். கோடரி இறங்குவதற்குள் கோடரிக்காரனின் தோள்பட்டை இறங்கிவிட்டது. இரண்டாமவன் தடியால் கசாப்புக்காரரின் காதில் அடித்தான். காது பிய்ந்து தொங்கியது. அவர் அதைக் கவனிக்காமல் அவனைத் தூக்கி ஒரு தள்ளுவண்டியில் போட்டு உதைத்தார். வண்டி நேராகப் பிணவறைக்குள் போனது. பிணவறைக்காரர் பழக்க தோஷத்தில் அவன் மேல் துணியை இழுத்துப் போர்த்திவிட்டார். அவன் அலறிக்கொண்டு எழுந்ததைப் பார்த்து மூன்றாமவன் மயங்கி விழுந்தான். படுத்திருந்த சொந்தக்காரர்களும் எழுந்து, யார் எதற்கு அடிக்கிறார்கள் என்று விசாரிக்காமல் கலந்துகொண்டார்கள். எத்தனையோ நாளாக அந்த நடைகூடத்தில் காத்திருந்தவர்கள். ஒருவர் சோற்றுப் பாத்திரத்தால் அடித்தார். ஒருவர் எக்ஸ்ரே படத்தைச் சுருட்டி அடித்தார். வலிக்காது என்று தெரிந்தும் அடித்தார்.

ஒருவன் மட்டும் எல்லாவற்றையும் தாண்டி ரத்த வங்கிக்குள் வந்து, கம்ப்யூட்டரை உடைக்கத் தடியை ஓங்கினான். திரையில் இயக்குநரின் இரண்டு கண்களும் மூக்கும் அவனைக் கனிவோடு பார்த்தன. அவன் ஓங்கிய கையை அப்படியே நெற்றிக்குக் கொண்டுபோய் சல்யூட் அடித்தான்.

"அடிடா!" என்று வெளியிலிருந்து கத்தினார் இயக்குநர்.

"எப்படிங்க ஐயா? நீங்க இருக்கீங்களே!"

இயக்குநர் தானே உள்ளே வந்தார். அவர் கையில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. வழியில் ஏதோ கட்டுப் போடும் அறையிலிருந்து எடுத்திருக்க வேண்டும். திரையில் தன் மீசை ஒவ்வொரு முடியாக வந்துகொண்டிருப்பதை ஒரு கணம் நின்று ரசித்தார். பிறகு குனிந்து கேபிளைப் பிடித்தார்.

"ஐயா, வேண்டாங்க ஐயா" என்றார் குரூப் அண்ணன். "மோவாய்தான் பாக்கி. அந்தம்மா செத்துடுவாங்க."

"உனக்கு விதிமுறை புரியவில்லை, தம்பி" என்றார் இயக்குநர், ரொம்பப் பரிவாக. "ஒருத்தி பிழைத்துக்கொள்வாள், சரி. நாளைக்கு எல்லோரும் பிழைக்க ஆரம்பித்துவிட்டால் இயக்ககம் எதற்கு?"

கத்தரிக்கோல் திறந்தது.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்பது அண்ணனுக்குச் சரியாக ஞாபகமில்லை. ஏதோ வெடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. தன் உள்ளங்கை எரிந்தது. இயக்குநர் குளிர்பெட்டியில் சாய்ந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் தரையில் கிடந்தது. சல்யூட் அடித்தவன் கையை இறக்காமல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். தான் ஒருவரை அறைந்துவிட்டோம் என்று அண்ணனுக்குப் புரிந்தது. அதற்குள் மோவாய் வந்து முடிந்திருந்தது, அண்டையம்மா மேஜையில் கிடந்த சீட்டைப் பார்த்து நோயாளியின் விவரத்தைத் தட்டியிருந்தார். அண்ணன் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார்.

க்ளிக்.

பெட்டி விட்டுக்கொடுத்தது. கதவு திறந்த வேகத்தில் இயக்குநரைத் தள்ளிவிட்டது. தலைமை நர்ஸ் எங்கிருந்து வந்தாள் என்று தெரியாது. இரண்டு பைகளைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு சண்டைக்கு நடுவே ஓடினாள். அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் அடித்துக்கொண்டிருந்தவர்கள் தடியை ஓங்கியபடியே சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

பிறகு படை அண்ணனை நிதானமாக அடித்தது. அண்டையம்மாவின் வலதுகை ஆள்காட்டி விரலை உடைத்தார்கள். அவர், "சரியா குறிச்சு வெச்சுக்குங்க, வேலை செஞ்சுது, வேலை செஞ்சுது" என்று அழுதுகொண்டே சிரித்தார். போலீஸ் வந்து, அடித்தவர்களைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடிபட்டவர்களில் இரண்டு பேரை மட்டும் ஜீப்பில் ஏற்றியது. கசாப்புக்காரரும் அண்ணனும்.

ஸ்டேஷனில் இயக்குநர் அவர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். வலது கன்னம் பணியாரம்போல் வீங்கியிருந்தது.

"எழுதுங்கள்" என்றார் இன்ஸ்பெக்டரிடம். "கொலை முயற்சி. அரசு ஊழியரைத் தாக்கியது. அங்கீகாரமற்ற பகிர்வு."

இன்ஸ்பெக்டர் வயதான மனிதர். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை இயக்குநர் பக்கம் திருப்பினார்.

'புதிய பதிப்பு இறங்குகிறது. பொறுமை காத்ததற்கு நன்றி.'

"காலையிலேர்ந்து இப்படித்தான் சார் நிக்குது. எந்தப் புகாரும் பதிய முடியல."

"காகிதத்தில் எழுதுங்கள்."

"கையால எழுதினா செல்லாதுன்னு நீங்கதான சார் சுற்றறிக்கை அனுப்பினீங்க? சுவத்துல ஒட்டியிருக்கே."

சுவரில் ஒட்டியிருந்தது. இயக்குநர் தன் கையெழுத்தையே வெறுப்போடு பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒரு வழி இருக்கு சார். பின்னாடி, தெருவுல பிடிச்ச நாய்களை அடைச்சு வைக்கிற ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. யாரும் தொடறதில்ல. அதுக்கு வந்துடுச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா, ஒரு கேபிள் இழுத்து அதுலேர்ந்து இதுக்கு எடுத்துக்கறேன். டீ குடிக்கிற நேரம்தான். ரெண்டு பேரையும் உள்ள தள்ளிடலாம்."

ஸ்டேஷனில் எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தார். இயக்குநர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வலித்திருக்க வேண்டும், கண்ணில் நீர் வந்தது. வாயைத் திறந்தார், மூடினார். மீசை துடித்தது. மனுஷன் உள்ளுக்குள் எவ்வளவு போராடுகிறார் என்று பார்க்கவே அண்ணனுக்குப் பாவமாக இருந்தது.

"முடியாது" என்றார் கடைசியில். "வரிசையில் வரட்டும். நான் காத்திருக்கிறேன்."

அப்படியே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் அவரையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களைப் பிடிச்சதாவும் பதிய முடியாது. விட்டதாவும் பதிய முடியாது" என்றார். "அதனால நீங்க இங்க வரவேயில்ல. இன்னும் ஏன்யா நிக்கிறீங்க? கிளம்புங்க. அந்தக் காதைத் தைச்சுக்கோ."

இருவரும் நடந்தே திரும்பினார்கள். பைக் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தது. கசாப்புக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டார்.

"அண்ணே, நீங்க முதல்ல போய்ப் பாத்துட்டு வாங்க. எனக்குத் தைரியம் இல்ல."

"உங்களுக்கா?" என்றார் அண்ணன்.

ஆனால் உள்ளே போக வேண்டியிருக்கவில்லை. பிரசவ வார்டிலிருந்து ஒரு பெண் திட்டுகிற சத்தம் வாசல்வரை கேட்டது. கட்டின பொண்டாட்டி சாகக் கிடக்கும்போது பைக்கை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போன ஒரு மனிதனைப் பற்றி, அவன் வம்சத்தைப் பற்றி, அவன் கத்தியைப் பற்றி. குரல் பலவீனமாக இருந்தது. வார்த்தைகள் பலமாக இருந்தன. கசாப்புக்காரர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார்.

அவர்கள் உள்ளே போனபோது அவள் கையில் ஊசி ஏறியிருந்தது. மேலே பை தொங்கியது. புருஷனின் காதைப் பார்த்தாள், திட்டுவதை நிறுத்தினாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"இவரு யாரு? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"ரத்த வங்கி அண்ணன். மூக்கு நான் உடைச்சது" என்றார் கசாப்புக்காரர் தலையைக் குனிந்துகொண்டு. "மத்தது கவர்மெண்டு."

அவள் பக்கத்தில் கிடந்த துணிமூட்டையைக் கண்ணால் காட்டினாள். "குழந்தையைத் தூக்கிப் பாருங்கண்ணே."

அண்ணன் பயந்து பயந்து தூக்கினார். சிவந்த சின்ன முகம். அப்பாவின் தோள்கள். வாய் தானாக முந்திக்கொண்டது.

"என்ன குரூப்?" என்று கேட்டார்.

குழந்தை துணியிலிருந்து ஒரு காலை உருவி, உடைந்த மூக்கின் மேல் சரியாக ஓர் உதை விட்டது.